பள்ளி வேதியியல் ஆய்வகம்: கேட்டவையும் பதில்களும்

பல ஆண்டுகளாகப் பள்ளி ஆய்வகத்தைக் கவனித்துவரும் வேதியியல் ஆசிரியை பதில் சொல்கிறார்.

மேடம், ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும் என்கிறார்கள். எப்படி ஊற்றினாலும் இரண்டும் கலக்கத்தானே போகிறது? (மாணவர்)

கலக்கும் தம்பி, ஆனால் சூடு எங்கே சேருகிறது என்று பாருங்கள். தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் அடர் சல்ஃப்யூரிக் ஆசிட்டின் அடர்த்தி சுமார் 1.84. அதன் மேல் தண்ணீர் விட்டால் அது அடியில் இறங்காமல் மேலேயே நிற்கும். இரண்டும் தொடும் இடத்தில் அந்தக் கொஞ்சத் தண்ணீர் சட்டென்று கொதித்து, ஆசிட்டையும் வாரிக்கொண்டு முகத்தில் தெறிக்கும். ஆசிட்டைத் தண்ணீரில் விட்டால், அது கீழே இறங்கும்போதே சுற்றியிருக்கும் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்ளும். அப்போதும் அவசரம் கூடாது. பீக்கரின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, கண்ணாடிக் கோலால் கலக்கிக்கொண்டே இருங்கள். பீக்கர் சூடேறினால் நிறுத்தி, குளிர்ந்த நீரில் வைத்துவிட்டு அப்புறம் தொடருங்கள். அளவு ஜாடியிலோ தடித்த கண்ணாடிப் பாட்டிலிலோ இதைச் செய்யாதீர்கள், சூட்டில் விரிசல் விடும்.

கையில் ஆசிட் பட்டால் சோடியம் பைகார்பனேட் போட்டுச் சமன் செய்வதுதானே சரி? (மாணவி)

மேசையில் சிந்தியதற்குச் சரி, தோலுக்கு வேண்டாம். சமன் ஆகும்போதும் சூடு வரும். அதைவிட முக்கியம், நீங்கள் டப்பாவைத் தேடும் நேரத்தில் ஆசிட் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். நேராகக் குழாயடிக்கு ஓடுங்கள். 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். வாட்ச், வளையல், நனைந்த துணி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், அவற்றுக்கு அடியில்தான் ஆசிட் தங்கும்.

கண்ணில் பட்டால் இமையை விரலால் பிரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும், பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். எரிச்சல் அடங்கிவிட்டதே என்று வீட்டுக்குப் போகக் கூடாது. ஆசிட் என்றால் பயப்படுகிற பிள்ளைகள் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் என்றால் அசட்டையாக இருக்கிறார்கள். கண்ணுக்கு அதுதான் கூடுதல் ஆபத்து: ஆசிட் பட்ட இடத்தில் புரதம் உறைந்து ஓரளவு தடுப்பாகிவிடும், காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். காரம் பட்ட விரல் வழவழவென்று இருக்கிறதே, தோலின் கொழுப்பு சோப்பாக மாறுவதும் அதற்கு ஒரு காரணம்.

கைக்கு உறை போட்டுக்கொண்டால் போதாதா?

போதாது. அதே உறையோடு கதவையும் நோட்டையும் தொட்டால் எல்லாவற்றிலும் ரசாயனம். பர்னர் பக்கம் போகும்போது ரப்பர் உறை வேண்டாம். கோட்டும் பருத்தியாக இருக்கட்டும், நைலான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

நீர்த்த கரைசல்தானே, பிப்பெட்டை வாயால் உறிஞ்சினால் என்ன? (மாணவர்)

பிப்பெட்டின் நுனி திரவத்தை விட்டு மேலே வந்துவிட்டால், அடுத்த இழுப்பில் கரைசல் நேராக வாய்க்குள் ஏறும். நீங்கள் தரம்பார்த்தலுக்கு (டைட்ரேஷனுக்கு) எடுக்கும் ஆக்சாலிக் அமிலம் விஷம். ரப்பர் பல்பைப் பயன்படுத்துங்கள்.

ஆல்டிஹைடு சோதனைக்குத் தயாரித்த டாலன்ஸ் கரைசல் மீந்துவிட்டது. நாளைய வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாமா? (புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்)

வைக்கவே வைக்காதீர்கள், சார். அமோனியா கலந்த அந்தச் சில்வர் நைட்ரேட் கரைசலை அப்படியே வைத்தால், வெடிக்கக்கூடிய கறுப்பு வீழ்படிவு உருவாகும். காய்ந்தபின் லேசாக அசைத்தாலே வெடிக்கலாம். எனவே அன்றன்றைக்குத் தேவையானதைச் சோதனைக்குழாயிலேயே தயாரியுங்கள். வேலை முடிந்ததும், மிச்சத்தில் நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அமிலமாக்கி, வெள்ளிக் கழிவுக்கான பாட்டிலில் சேருங்கள். கண்ணாடிபோல் வெள்ளி படிந்த குழாயை அழகாக இருக்கிறதென்று பிள்ளைகள் கேட்பார்கள். கழுவாமல் கொடுக்காதீர்கள்.

சோடியம் வெட்டிய வடிதாளை எங்கே போடுவது? (ஆய்வக உதவியாளர்)

குப்பைக்கூடையில் மட்டும் வேண்டாம். தாளில் கடுகளவு ஒட்டியிருந்து, யாரோ ஈரத்துணியைப் போட்டால் தீப்பிடிக்கும். பெரிய துண்டுகள் மண்ணெண்ணெய்க்கே திரும்பட்டும். ஒட்டியதை, பக்கத்தில் நெருப்பில்லாத இடத்தில், எத்தனாலில் போட்டு மெதுவாகக் கரையவிடுங்கள். ஹைட்ரஜன் வரும், எனவே மூடி போடாதீர்கள். சோடியம் எரிந்தால் உலர்ந்த மணல்தான். தண்ணீரும் ஆகாது, கார்பன் டை ஆக்சைடு அணைப்பானும் ஆகாது.

கரிமச் சேர்மத்தில் நைட்ரஜன், கந்தகம் போன்றவை இருக்கிறதா என்று பார்க்கும் லாசிகன் சோதனையிலும் இதே சோடியம்தான். செக்கச் சிவந்த குழாயைப் பீங்கான் கிண்ணத்துத் தண்ணீரில் போட்ட கையோடு கம்பி வலையால் மூட வேண்டும். எல்லாரும் எட்டிப் பார்ப்பது அந்த நொடியில்தான். மிச்சச் சோடியம் இருந்தால் கண்ணாடிச் சில்லோடு தெறிக்கும். முகத்துக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது, பாதுகாப்புக் கண்ணாடி அணியாதவர் அந்த மேசைப் பக்கமே வரக் கூடாது.

ஹைட்ரஜன் சல்ஃபைடு வாடை கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறதே, வாயு கலைந்துவிட்டது என்று அர்த்தமா?

அப்படி நம்பாதீர்கள். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், வாயு அங்கேயே இருக்கும். வாடை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் வெளியேற்று விசிறி ஓடட்டும்.

பீக்கரில் ஆல்கஹால் பற்றிக்கொண்டால்? (மாணவி)

ஊதாதீர்கள், தூக்கிக்கொண்டும் ஓடாதீர்கள். பர்னரை அணைத்துவிட்டு, பீக்கரைப் பெரிய வாட்ச் கிளாஸாலோ (குழிவான கண்ணாடித் தட்டு) நனைத்துப் பிழிந்த துணியாலோ மூடுங்கள், காற்றில்லாமல் அணைந்துவிடும். மூடியதை உடனே திறந்து பார்க்காதீர்கள், மறுபடி பற்றும். இன்னொன்று, எரிகிற ஸ்பிரிட் விளக்கில் ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். அணைத்து, ஆறவிட்டு, ஊற்றி, பாட்டிலை மூடித் தூரத்தில் வைத்த பிறகே பற்றவைக்க வேண்டும்.