ஒகினாவா திருவிழாவில் எதை நம்பி உண்ணலாம்?

கேள்வி: ஹொனலுலுவில் குடியேறி ஓராண்டு ஆகிறது. இவ்வாண்டு இங்கு நடக்கும் ஒகினாவா திருவிழாவுக்குக் குடும்பத்தோடு செல்ல எண்ணியுள்ளோம். என் மாமியார் முட்டையும் தொடாத சைவர். நானும் கணவரும் மீன் உண்போம், பன்றி இறைச்சி உண்பதில்லை. ஏழு வயது மகனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை உண்டு. அங்கே எதை வாங்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

பதில்: ஜப்பானின் தென்கோடித் தீவுப் பகுதியான ஒகினாவாவின் சமையலில் பன்றி என்பது கண்ணுக்குத் தெரியும் இறைச்சித் துண்டு மட்டுமன்று, சாற்றிலும் கொழுப்பிலும் அது கரைந்திருக்கும். ஆகவே, “இதில் இறைச்சி இருக்கிறதா” என்று கேட்டு, “இல்லை” என்று நேர்மையான பதிலே கிடைத்தாலும், நீங்கள் தவிர்க்க நினைத்தது தட்டில் வந்துவிடலாம். “சாறு எதில் காய்ச்சியது, எந்த எண்ணெயில் பொரித்தது” என்று கேளுங்கள். உங்கள் குடும்பத்துக்கு வேண்டிய பதில் பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளிலேயே கிடைத்துவிடும்.

சாற்றில் பரிமாறும் நூடுல்ஸான ஒகினாவா சோபா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேலே வைக்கும் இறைச்சியை எடுத்துவிட்டுத் தரும்படி கேட்பதில் பயனில்லை. ஏனெனில் அதன் சாறே பன்றி எலும்பையும் கட்சுவோபுஷி என்னும் உலர்மீன் சீவலையும் சேர்த்துக் காய்ச்சுவது. ஜூஷி என்னும் சோறும் வழக்கமாகப் பன்றிச் சாற்றில்தான் வேகும். பார்வைக்குக் காய்கறிச் சோறு போலவே இருப்பதால், சைவர்கள் இதில் எளிதாக ஏமாந்துவிடுகிறார்கள். பன்றிக்கால் சாறான அஷிடிபிச்சியும், பன்றி வயிற்றிறைச்சியை அவாமோரி மதுவோடு நெடுநேரம் வேகவைக்கும் ராஃபுடேயும் வெளிப்படையானவை. அவற்றில் குழப்பம் வராது.

பன்றியை விலக்கிக் கேட்கும்போது பரிமாறுவோர் சற்றுத் தயங்கினால், அதன் காரணத்தையும் அறிந்திருப்பது நல்லது. இரண்டாம் உலகப் போரின்போது 1945இல் அங்கு நடந்த போரில் ஒகினாவாவின் கால்நடைகள் பெருமளவு அழிந்தன. அங்குள்ள உறவுகள் பசியில் வாடுவதை அறிந்த ஹவாயில் குடியேறி வாழ்ந்த ஒகினாவா மக்கள் பணம் திரட்டி, அமெரிக்கப் பெருநிலத்தில் 550 பன்றிகளை வாங்கினார்கள். 1948இல் ஏழு பேர் அவற்றோடு கப்பலேறி, புயலையும் தாண்டி ஒகினாவாவில் கொண்டு சேர்த்தார்கள். அந்தச் சமூகத்துக்குப் பன்றி வெறும் உணவன்று. ஆதலால் முகம் சுளிக்காமல், “எங்கள் வீட்டு வழக்கம்” என்று சொல்லிக் கேட்பதே முறை.

நம்மவருக்கு உடனே பழகிவிடுவது கோயா சாம்புரு. கோயா என்பது நம் பாகற்காய்தான். விதை நீக்கி, மெல்லியதாக அரிந்து, உப்பிட்டுப் பிழிந்து, டோஃபு என்னும் சோயாப் பால்கட்டியும் முட்டையும் சேர்த்து வதக்குவார்கள். பன்றித் துண்டோ டப்பா இறைச்சியோ சேர்ப்பது வழக்கம் என்பதால், தனியே வதக்கித் தர முடிந்தால் மட்டும் வாங்குங்கள். மேலே தூவும் மெல்லிய சீவல்தான் கட்சுவோபுஷி. நம் மாசிக்கருவாட்டைப் போலவே சூரை மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்திச் செய்வது. உங்கள் இருவருக்கும் அதில் தடையில்லை.

திருவிழாவில் நீண்ட வரிசை நிற்கும் இடம் அண்டாகி கடை. கோதுமை மாவு, சர்க்கரை, முட்டை சேர்த்த மாவை உள்ளங்கையில் அள்ளி, கையை இறுக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உருண்டையாகப் பிதுக்கிச் சூடான எண்ணெயில் விடுவார்கள். அது மிதந்து வந்து தானாகவே புரண்டு, வேக வேக ஒருபக்கம் வெடித்துப் பிளக்கும்; உருண்டை சிரிக்கிறது என்பார்கள் ஒகினாவாக்காரர்கள். சுடச்சுட உண்ண வேண்டிய பண்டம் அது. ஆனால் ஹவாயில் அதே மாவில் ஹாட் டாக் என்னும் இறைச்சிக் குழலைத் தோய்த்துப் பொரிக்கும் அண்டாடாக்கும் விற்பதால், இரண்டுக்கும் ஒரே எண்ணெயா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். முட்டை இருப்பதால் உங்கள் மாமியாருக்கு இது ஆகாது.

மகன் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. ஜிமாமி டோஃபு என்ற வெண்மையான, தளதளப்பான பண்டம் சோயா டோஃபு போலத் தோன்றினாலும், நிலக்கடலைப் பாலையும் சர்க்கரைவள்ளி மாவையும் கிண்டிச் செய்வது. ஜிமாமி என்ற சொல்லுக்கே நிலத்துப் பயறு என்றுதான் பொருள். கருப்பட்டி நிறத்துக் கரும்புச் சர்க்கரையில் புரட்டிய கடலையும் விற்பனையில் இருக்கும். பொரிக்கும் எண்ணெய் கடலை எண்ணெயா என்றும் கேளுங்கள். தெளிவான பதில் வராத கடையில் அவனுக்கு எதுவும் வாங்க வேண்டாம். மருத்துவர் எழுதிக்கொடுத்த அவசர ஊசி காரில் அல்ல, உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்.

மாமியாருக்குக் கிடைப்பது குறைவு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவித்த ஊதாச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, வெறும் கரும்புச் சர்க்கரைக் கட்டி, ஷிகுவாசா என்னும் சிறு எலுமிச்சை வகையின் சாறு, சன்பின் என்னும் மல்லிகைத் தேநீர் ஆகியவை கிடைத்தால் தயக்கமின்றி வாங்கலாம். சின்சுகோ பிஸ்கட் சைவமாகத் தோன்றும்; மரபுப்படி அதைப் பன்றிக் கொழுப்பில்தான் செய்வார்கள், எனவே உறையில் உள்ள பொருள் பட்டியலைப் படிக்காமல் வாங்காதீர்கள். அவருக்கு வீட்டிலேயே மதிய உணவு கொடுத்து அழைத்துச் செல்வது நல்லது. பசியில்லாமல் இருந்தால் நடனங்களையும் சான்ஷின் என்னும் மூன்று நரம்பு இசைக்கருவியின் இசையையும் அவர் நிம்மதியாக ரசிக்க முடியும்.