ஆங்கில வகுப்புக்குள்ளேயே மென்திறன் (பிறரோடு பேசிப் பழகும் திறன்): கேள்வி பதில்

கேள்வி (பாலக்கோடு, கௌரவ விரிவுரையாளர்): வகுப்பில் 60 பேர், பீரியட் 50 நிமிடம். குழு விவாதம் வைத்தால் சந்தைக்கடை ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: அறுபது பேரையும் ஒரே நேரத்தில் பேச விடாதீர்கள். ஆறு பேரை நடுவில் வட்டமாக உட்கார வையுங்கள். மற்றவர்கள் சுற்றிலும் இருந்து கவனிக்கட்டும். ஒரு சுற்று 8 நிமிடம், பீரியடுக்கு 2 சுற்று. ஐந்து பீரியடில் எல்லோரும் பேசி முடிப்பார்கள். முதல் 10 நிமிடம் 'ஐ சீ யுவர் பாயிண்ட், பட்', 'கேன் ஐ ஆட் சம்திங்?' போன்ற தொடர்களைப் பலகையில் எழுதிச் சொல்லிப் பழக்குங்கள். இதைச் செய்யாமல் விட்டால் விவாதம் தமிழுக்கு மாறிவிடும், பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. தலைப்பு அவர்களுக்குத் தெரிந்ததாக இருக்கட்டும்: மாங்காயைக் கூழ் ஆலைக்குக் கொடுப்பதா, மண்டிக்குக் கொண்டுபோவதா?

நன்றாகப் பேசும் இரண்டு பேரே முழு நேரத்தையும் எடுத்துக்கொள்வதுதான் வழக்கமான சிக்கல். ஆளுக்கு 3 தீக்குச்சி கொடுங்கள். ஒருமுறை பேசினால் ஒரு குச்சியைக் கீழே வைக்க வேண்டும். குச்சி தீர்ந்தவர் கேட்க வேண்டியதுதான்.

கேள்வி (அரூர், மாணவி): தமிழ் வழியில் படித்தேன். எழுந்து நின்றால் வார்த்தை வரவில்லை.

பதில்: ஐந்து குறிப்புச் சொற்கள் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், முழு வாக்கியம் வேண்டாம். ஒரே விஷயத்தை மூன்று தோழிகளிடம் தனித்தனியாக 4, 3, 2 நிமிடங்களில் சொல்லுங்கள். கேட்பவர் மாறுவதால் திரும்பச் சொல்வது சலிக்காது. நேரம் குறைவதால் தடுமாற்றமும் குறையும்.

கேள்வி (ஓசூர், உதவிப் பேராசிரியர்): மாணவர்கள் கம்பெனிக்கு எழுதும் மின்னஞ்சல் அதிகாரம் செய்வதுபோல இருக்கிறது. மரியாதை தெரியாதவர்களா?

பதில்: மரியாதை நன்றாகவே தெரியும். தமிழில் 'அனுப்புங்க' என்றால் அந்த 'ங்க'விலேயே மரியாதை இருக்கிறது. ஆங்கில வினையில் அப்படி ஒட்டு கிடையாது. நேராக மாற்றினால் 'செண்ட்' என்ற வெறும் கட்டளைதான் மிஞ்சும். ஆங்கிலத்தில் மரியாதை காட்டும் வேலையை 'குட் யூ ப்ளீஸ்', 'வுட் இட் பி பாசிபிள்' போன்ற தொடர்கள்தான் செய்கின்றன. தெலுங்கு, கன்னடம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே விளக்கம் பொருந்தும். மோடல் வினைகளை ('குட்', 'வுட்' போன்ற துணைவினைகளை) இலக்கணப் பாடமாக நடத்தும் அன்றே ஒரு மின்னஞ்சலைத் திருத்தச் சொல்லுங்கள். தனியாக 'மென்திறன் வகுப்பு' தேவைப்படாது.

கேள்வி (ஊத்தங்கரை): குழு விவாதத்துக்கு மதிப்பெண் எப்படிப் போடுவது?

பதில்: பத்துக்கு: புரியும் மொழி 4, முன்னவர் சொன்னதை எடுத்துப் பதில் சொன்னது 3, காரணமும் உதாரணமும் 3. 'தன்னம்பிக்கை'க்கு மதிப்பெண் போடாதீர்கள். அதை அளக்க முடியாது. கூச்சமுள்ள பிள்ளைதான் அடிபடும்.