குதிரை வாங்க மொழிபெயர்த்தவர்

அன்புள்ள ஐயா,

நான் வங்கியில் வேலை செய்கிறேன், வயது 36. போன வாரம் ஒரு காணொளியில் பிரஷ்யத் (பழைய ஜெர்மன் அரசு) தளபதி ஹெல்முட் ஃபான் மோல்ட்கே பற்றிக் கேட்டேன். 57 வயதுவரை ஒன்றுமே இல்லாமல் இருந்தவர், 65 வயதில் ஆஸ்திரியாவைத் தோற்கடித்தாராம். எழுத வேண்டும் என்று நினைத்தே காலத்தை ஓட்டிவிட்ட எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. என் நண்பனோ, அது பின்பக்கமாகக் குண்டு போட்டு வேகமாகச் சுடும் பிரஷ்ய ஊசித்துப்பாக்கியின் வெற்றி, அந்த ஆளின் வெற்றி இல்லை என்கிறான். எது சரி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் நானும் மோல்ட்கேயைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பரணிலிருந்து ஒரு பழைய காகிதக் கட்டை இறக்கியதால் வந்த நினைப்பு. அதற்கு வருகிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். 57 வயதுவரை ஒன்றுமே இல்லாதவர் என்று யார் உங்களுக்குச் சொன்னது? மோல்ட்கே ஜெனரல் ஸ்டாஃபுக்கு, அதாவது போர்த் திட்டம் தீட்டும் அலுவலகத்துக்கு, தலைவரான 1857க்கு முன்னால் காணொளிக்காரருக்கு எதுவும் தெரியவில்லை, அவ்வளவுதான். மோல்ட்கே 1800இல் வட ஜெர்மனியின் மெக்லன்பர்கில் பிறந்தார். ஆறு வயதில் பிரெஞ்சுப் படைகள் அவர்கள் வீட்டைச் சூறையாடின. கோபன்ஹேகனில் ராணுவப் பள்ளி, டென்மார்க் படையில் வேலை, பிறகு அதை விட்டுவிட்டுப் பிரஷ்யாவில் மறுபடி முதல் படியிலிருந்து. 1835இல் ஊர் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் துருக்கி சுல்தான் அவரைப் பிடித்து வைத்துக்கொண்டார். கான்ஸ்டாண்டிநோபிளைத் தெருத் தெருவாக அளந்து வரைபடம் போட்டிருக்கிறார் மனிதர். 1839இல் எகிப்துப் படைக்கு எதிரான நிசிப் போரில், பின்வாங்கிவிடலாம் என்று துருக்கித் தளபதிக்குப் படித்துப் படித்துச் சொன்னார். தளபதி மதகுருமார்களின் பேச்சைக் கேட்டார். படை சிதறியது, மோல்ட்கேயும் ஓடித்தான் தப்பித்தார். பிறகு பெர்லின்–ஹாம்பர்க் ரயில் கம்பெனியில் இயக்குநர். இதெல்லாம் ஒன்றுமே இல்லையா? உங்கள் 36 வயதில் வங்கி தவிர வேறு என்ன இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன், வேண்டாம், அது எனக்குத் தெரியாது.

ஆனால் நான் சொல்ல வந்தது 1832. அந்த வருஷம்தான் ஜெனரல் ஸ்டாஃபில் சேர்ந்திருந்தார். அந்த வேலைக்கு நல்ல குதிரை வேண்டும், சம்பளத்தில் அதற்கு வழியில்லை. உடனே ஒரு பதிப்பாளரிடம் ஒப்பந்தம் போட்டார்: ஆங்கில வரலாற்றாசிரியர் கிப்பன் எழுதிய ரோமப் பேரரசின் வீழ்ச்சி வரலாற்றை, பன்னிரண்டு தொகுதிகளையும், ஜெர்மனில் கொண்டுவருவது. ஆங்கிலப் பணத்தில் 75 பவுண்டு மதிப்புக்குப் பேச்சு. பகலில் ஆபீஸ் வேலையையும் பார்த்துக்கொண்டு பதினெட்டு மாதத்தில் ஒன்பது தொகுதிகளை முடித்துவிட்டார். பதிப்பாளர் புத்தகத்தை அச்சுக்கே கொண்டுபோகவில்லை. மோல்ட்கே கைக்கு வந்தது 25 பவுண்டுக்கு மேல் இல்லை.

இதைப் படித்தபோது நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். என் பரண் கட்டும் அதே ஜாதிதான். அச்சேறாத மொழிபெயர்ப்பு, 412 பக்கம், முழு நீளத் தாளில், மை பேனாவில். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பதிப்பாளர் "புத்தகக் கண்காட்சிக்குள்ள கொண்டுவந்துடலாம் சார்" என்றார். எந்த வருஷக் கண்காட்சி என்று நான் கேட்காமல் விட்டது என் தப்பு. முன்பணமாக வந்ததில் மகளுக்கு சைக்கிள் வாங்கினேன். அதில் ஒரு டயருக்குத்தான் என் உழைப்பு ஈடாகும் என்று மனைவி சொன்னாள். இப்போது அவிழ்த்துப் பார்த்தால் ராமபாணப் பூச்சி ஒன்பதாம் அத்தியாயத்தில் நுழைந்து பன்னிரண்டில் வெளியே வந்திருக்கிறது. இந்த உலகத்தில் அதை முழுதாகப் படித்த ஒரே ஜீவன்.

மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கொடுக்காதவர்களைப் பற்றி நான் எழுதுவது இது எத்தனையாவது முறை என்று பழைய வாசகர்கள் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும். இன்னும் பத்து முறை எழுதுவேன். ஒன்பது தொகுதி கிப்பன் என்றால் என்ன என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு முழம். வினை எங்கே, யார் யாரை என்ன செய்தார், எது முக்கியம், எது ஓரமாக வருகிறது என்று பிரித்துப் பார்க்காமல் ஒரு வரி நகராது. அதைப் பதினெட்டு மாதம் தினமும் செய்தவர்தான் 1866இல் மூன்று படைகளை வெவ்வேறு திசையிலிருந்து, ஆஸ்திரியா தோற்ற போர்க்களமான கோனிக்ரேட்ஸுக்கு வரவழைத்தார். அவருடைய உத்தரவுகள் சில வரிகள்தான் இருக்கும். என்ன ஆக வேண்டும் என்று சொல்லுவார், எப்படி என்பதைத் தளபதிகளிடமே விட்டுவிடுவார். அப்போதும் அவரைப் பலருக்குத் தெரியாது. உத்தரவைப் படித்த ஒரு தளபதி, "எல்லாம் சரிதான், ஆனால் யார் இந்த ஜெனரல் மோல்ட்கே?" என்று கேட்டதாகக் கதை. அந்தச் சிக்கனமான உரைநடை போர்ப்பள்ளியில் மட்டும் வந்தது என்று ராணுவ வரலாற்றுக்காரர்கள் சொல்லட்டும். வராமல் போன அந்த 50 பவுண்டிலிருந்தும் வந்தது என்பேன் நான். ஏழு மொழிகளில் பேசாமல் இருப்பவர் என்று அவரைக் கிண்டல் செய்வார்கள். மொழிபெயர்த்துப் பார்த்தவர்களுக்கு அந்த மௌனம் புரியும்.

தாமதமாக மலர்வது பற்றியெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். பூவா நாம்? எதையாவது உட்கார்ந்து செய்துகொண்டிருங்கள் தம்பி. எழுத வரவில்லையென்றால் பிடித்த புத்தகத்தில் பத்துப் பக்கம் மொழிபெயர்த்து எனக்கு அனுப்புங்கள். சிவப்பு மையில் திருப்பி அனுப்புவேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒப்பந்தம் எதுவும் போட்டால் மட்டும் கையெழுத்துக்கு முன்னால் என்னிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம், ஊசித்துப்பாக்கி. 1866இல் அது பெரிய பலம்தான், பிரஷ்யாவுக்கு ஐந்து ரயில் பாதைகள், ஆஸ்திரியாவுக்கு ஒன்று என்பதும் பலம்தான். ஆனால் 1870இல் பிரான்ஸோடு நடந்த போரில் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த சாஸ்போ துப்பாக்கி ஊசித்துப்பாக்கியைப் போல இரண்டு மடங்கு தூரம் சுட்டது. அந்தப் போரில் செடான் என்ற ஊரில் சரணடைந்தவர்கள் யார் என்று உங்கள் நண்பரைக் கேளுங்கள். உடனே அவர், அந்தப் போரில் பிரஷ்யர்களுக்குக் கைகொடுத்த க்ருப் பீரங்கியைக் கொண்டுவருவார். வரட்டும், கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள்.