‘ஜவ்வு விலகிடுச்சு’ என்றால் ஆபரேஷன்தானா?

கேள்வி: எனக்கு 43 வயது. தையல் வேலை. பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பன்னிரண்டு நாளுக்கு முன்பு 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்க்கும்போது இடுப்பில் சுளீர் என்றது. மூன்றாம் நாளிலிருந்து இடது பிட்டத்தில் ஆரம்பித்து, காலின் வெளிப்பக்கமாகப் பெருவிரல் வரை வலி இழுக்கிறது. ஸ்கேனில் ‘எல்4–எல்5 டிஸ்க் பல்ஜ்’ என்று வந்திருக்கிறது. ஜவ்வு விலகிவிட்டது, ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் விழுந்துவிடும் என்கிறார்கள். மாமியார் ஒரு மாதம் கட்டாந்தரையில் படுக்கச் சொல்கிறார். மெடிக்கலில் கவரில் போட்டுக் கொடுத்த மாத்திரைக்கு வலி கேட்கிறது. அடுத்த மாதம் மதுரையில் நாத்தனார் மகள் வளைகாப்பு. பஸ்ஸில் போகலாமா?
— வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரி, ஸ்கேன் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரமாக, முன்பாதத்தைத் தூக்கிக் குதிகாலால் மட்டும் பத்து அடி நடந்து பாருங்கள். அடுத்து, சுவரைத் தொட்டபடி இடது காலில் மட்டும் நின்று பத்து முறை குதிகாலை உயர்த்துங்கள். பிறகு உட்கார்ந்து, இரண்டு கால் பெருவிரல்களையும் மேல்நோக்கி நிமிர்த்தி, வீட்டில் யாரையாவது விரலால் கீழே அழுத்தச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே அளவு எதிர்த்து நிற்கிறதா?

வலித்தாலும் இதெல்லாம் செய்ய முடிகிறதென்றால், நரம்பு உறுத்தப்பட்டிருக்கிறதே தவிர அதன் வேலை கெடவில்லை. இடது பெருவிரல் தோற்றாலோ, நடக்கும்போது முன்பாதம் தரையில் இடறினாலோ, செருப்பு காலைவிட்டு நழுவினாலோ நாளைக்கே எலும்பு மருத்துவரையோ நரம்பியல் அறுவை மருத்துவரையோ பாருங்கள். அவசரத்தை முடிவு செய்வது காலின் பலம்தான். வலி எவ்வளவு கடுமை என்பதோ, ரிப்போர்ட்டில் உள்ள சொற்களோ அல்ல.

ஜவ்வு விலகுவது என்ற பேச்சே பாதி பயத்துக்குக் காரணம். முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் அந்த ஜவ்வு, அதாவது டிஸ்க், தன் இடத்தைவிட்டு வழுக்கி ஓடுவதில்லை. மேல் முள்ளெலும்போடும் கீழ் முள்ளெலும்போடும் இறுக ஒட்டியிருக்கிறது. நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே கொழகொழப்பு, சுற்றிலும் நார் வளையங்கள். முன்னால் குனிந்து, இடுப்பைத் திருகி, 20 கிலோவைத் தூக்கும்போது பின்பக்க நார் வளையம் பிதுங்குகிறது (இதைத்தான் ‘பல்ஜ்’ என்கிறார்கள்), சில நேரம் கிழிகிறது. உங்களுக்குப் பிதுங்கிய இடத்தின் பக்கத்தில் ஓடும் ஐந்தாவது இடுப்பு நரம்பு, காலின் வெளிப்பக்கமாக இறங்கிப் பாதத்தின் மேலே பெருவிரல் வரை போகிறது. நீங்கள் எழுதிய வலியும் அதே பாதையில்தான் ஓடுகிறது. அதனால் ஸ்கேன் சொல்வதும் உங்கள் உடம்பு சொல்வதும் பொருந்துகின்றன. எல்லோருக்கும் அப்படிப் பொருந்தாது. முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 40 வயதுக்காரர்களில் 50 சதவீதம் பேருக்கும், 60 வயதுக்காரர்களில் 69 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பல்ஜ் இருந்தது. அந்த ஒரு வார்த்தையை வைத்து யாரையும் ஆபரேஷன் டேபிளில் ஏற்ற முடியாது.

இன்னொன்று. தண்டுவடம் இடுப்பின் முதலாவது, இரண்டாவது முள்ளெலும்புகளுக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது குதிரைவால் போலத் தொங்கும் நரம்புக் கொத்து. நான்காவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே உள்ள பல்ஜ் தண்டுவடத்தைத் தொடவே முடியாது. ஆனால் பெரிய பிதுக்கமாக இருந்தால் அந்தக் கொத்தை மொத்தமாக நசுக்கலாம். அபூர்வம்தான், ஆனால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாத நிலை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், கூச்சப்படாதீர்கள். மலம் கழித்துக் கழுவும்போது தண்ணீர் படுவது தெரியவில்லை, சைக்கிள் சீட்டில் படும் இடமெல்லாம் மரத்துப்போயிருக்கிறது, சிறுநீர் முட்டியும் வரவில்லை, அல்லது முட்டுவதே தெரியாமல் சொட்டுகிறது, மலம் அடங்கவில்லை, இரண்டு காலுமே பலம் இழக்கின்றன: இவற்றில் எது புதிதாக வந்தாலும், நள்ளிரவானாலும், 108-ஐ அழைத்து எம்.ஆர்.ஐ.யும் அறுவை சிகிச்சை வசதியும் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். விடியட்டும் என்று காத்திருந்தால், சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம்.

நம் ஊரில் தவறவிடக் கூடாத இன்னொரு காரணம் முதுகெலும்புக் காசநோய். சாயங்காலக் காய்ச்சல், பசியின்மை, எடை குறைதல், படுத்தாலும் அடங்காமல் ராத்திரியில் கூடும் வலி ஆகியவை அதன் அடையாளங்கள். இருமல் இல்லாமலும் வரும். முன்பு புற்றுநோய் வந்தவர்கள், பல மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், சறுக்கி விழுந்தபின் வலி வந்த வயதானவர்கள் இவர்களும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தக் கூடாது.

இவை எதுவும் இல்லையென்றால் உங்களுக்கு இப்போது ஆபரேஷன் தேவையில்லை. காலுக்கு இறங்கும் இந்த வலி பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் நன்றாகத் தணிகிறது. பிதுங்கியதை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்வதும் உண்டு. 6 வாரம் தாண்டியும் கடுமையான வலியோடு இருந்த 283 பேரை நெதர்லாந்தில் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2007-இல் முடிவு வந்தது. ஒரு பிரிவுக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மற்றப் பிரிவு காத்திருந்தது. தாங்க முடியாத 39 சதவீதம் பேர் மட்டும் பின்னால் செய்துகொண்டார்கள். ஆபரேஷன் பிரிவுக்கு வலி சீக்கிரம் விட்டது. ஆனால் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். ஆறு வாரம் கழித்தும் தூக்கமும் வேலையும் கெடுகிறது என்றால் அப்போது உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம்.

மாமியார் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் ஒரு மாதப் படுக்கை உங்களுக்குக் கெடுதல். இரண்டு நாளுக்கு மேல் படுத்தால் தசை இளைத்து, எழும்போது வலி கூடுகிறது. கட்டாந்தரையும் வேண்டாம். ரொம்பக் கெட்டியும் இல்லாமல் அமுங்கவும் செய்யாத மெத்தை போதும். ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வையுங்கள். எழும்போது நேராக நிமிராமல், பக்கவாட்டில் உருண்டு, காலைக் கீழே தொங்கவிட்டு, கையூன்றி எழுங்கள். பகலில் ஐந்து நிமிட நடை, ஆறு தடவை. மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் கூட்டுங்கள். துணி சுற்றிய வெந்நீர்ப் பை 15 நிமிடம் வைக்கலாம். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி மார்பை உயர்த்தி இரண்டு நிமிடம் இருந்து பாருங்கள். வலி பாதத்திலிருந்து பிட்டத்தை நோக்கி ஏறினால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும், அது நல்ல அறிகுறி; தொடருங்கள். காலில் இன்னும் கீழே இறங்கினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். பெல்ட்டை நம்பாதீர்கள். சுளுக்கு வழிப்பவரிடம் முதுகை ஒப்படைக்கவே ஒப்படைக்காதீர்கள்.

எனக்கு அதிகக் கவலை அந்தக் கவர் மாத்திரைமேல்தான். பெயர் தெரியாத இந்தக் கலவைகளில் வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் இருக்கலாம். உடனே கேட்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் பி.பி.யை ஏற்றும், சில பி.பி. மாத்திரைகளோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் பாதிக்கும். வயிற்றுப்புண் இருந்தால் ரத்தக்கசிவும் வரலாம். மிச்சமிருக்கும் கவரையும் பி.பி. மாத்திரை அட்டையையும் எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். தினமும் போட்டுவந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்று அவர் எழுதித் தரட்டும்.

தையலுக்குத் திரும்பும்போது முதல் வாரம் அரை நாள் போதும். முதுகு சாயும் நாற்காலி, 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிட நடை. தண்ணீர் கேனைத் தரையிலேயே வைத்து, அதன் வாயில் பொருத்தும் கைப்பம்ப்பால் எடுங்கள். ஸ்டாண்டில் கவிழ்க்கும் வேலை இனி வேறு யாருக்காவது.

மதுரைக்குத் தாராளமாகப் போகலாம், அதற்குள் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடிந்தால். பின்சீட்டு வேண்டாம், குலுங்கும். நடுவில் பாதையோரச் சீட்டாகப் பிடியுங்கள், எழுந்து நிற்க வசதி. ஒரு துண்டைச் சுருட்டி இடுப்பு வளைவில் வையுங்கள். பஸ் நிற்கும் ஊரிலெல்லாம் இறங்கி நடங்கள். வளைகாப்புக்குக் கொண்டுபோகும் சீர்ப் பையை வேறு யாராவது தூக்கட்டும். பந்தியில் தரையில் உட்காராமல் டேபிளில் இலை போடச் சொல்லுங்கள்.