எம்.எஸ்சி.யில் மேட்ராய்டு கோட்பாடு: எங்கே தொடங்குவது?

காலாப்பட்டில் எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறேன், மேட்ராய்டை நானாகப் படிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். மேட்ராய்டு என்பது ‘சார்பின்மை’ என்ற கருத்தைப் பொதுமைப்படுத்தும் ஓர் அமைப்பு. நேரியல் இயற்கணிதமும் கொஞ்சம் கிராஃப் தியரியும் கைவசம் இருந்தால் போதும். 1935-இல் கணிதவியலாளர் விட்னி எடுத்துக்காட்டியது இதுதான்: வெக்டர்களின் சார்பின்மைக்கும் கிராஃபில் சுற்று இல்லாத கோடுகளுக்கும் ஒரே விதிதான், அதாவது சார்பற்ற கணங்கள் இரண்டில் பெரியதிலிருந்து, சிறியதில் இல்லாத ஏதோ ஓர் உறுப்பை எடுத்துச் சிறியதில் சேர்த்தாலும் சார்பின்மை கெடாது. புதுச்சேரி, வில்லியனூர், பாகூர், கடலூர் என நான்கு புள்ளி வைத்து ஆறு கோடுகளையும் போடுங்கள், சுற்று இல்லாத மும்மூன்று கோடுகளாக 16 அடிக்கணங்கள் (இனி எதையும் சேர்க்க முடியாத சார்பற்ற கணங்கள்) வரும், சோம்பல் படாமல் அத்தனையையும் கையால் எழுதுங்கள். அப்புறம் 7 புள்ளிகள் கொண்ட ஃபானோ மேட்ராய்டு. சிறப்பெண் 2 உள்ள (அதாவது 1 + 1 = 0 ஆகும்) களங்களில் மட்டும் அதை ஏன் வெக்டர்களாக எழுத முடிகிறது என்று நீங்களே நிறுவிவிட்டு ஆக்ஸ்லியின் ‘Matroid Theory’ புத்தகத்தைத் திறங்கள், பயிற்சிக் கணக்குகளை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.