தடுப்பூசி போட்ட மாட்டின் பால் தயிருக்கு ஆகாதா?

கேள்வி: சுன்னாகத்தில் இரண்டு பசுக்கள் வைத்திருக்கிறேன். சென்ற வாரம் கால்வாய் நோய்க்கு, அதாவது கோமாரிக்கு, தடுப்பூசி போட்டார்கள். மறுநாள் பால் ஒரு போத்தல் குறைந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு இந்தப் பாலைத் தொடக் கூடாது என்கிறார் அயலவர். தயிர் எடுக்கும் கடைக்காரரோ, "தடுப்பூசி போடாத மாட்டின் தயிர்" என்று லேபிள் ஒட்டினால் நல்ல விலை போகும் என்கிறார். ஒட்டலாமா?

பதில்: ஒட்ட வேண்டாம், அம்மா. முதலில் அது பொய். இலங்கையின் 1980ஆம் ஆண்டு 26ஆம் இலக்க உணவுச் சட்டம், உணவின் தன்மையைப் பற்றித் தவறான எண்ணம் தரும் லேபிளைத் தடுக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கடைக்காரர் கையை விரித்துவிடுவார்.

அயலவரின் பயத்துக்கும் அடிப்படை இல்லை. கால்வாய் நோய்த் தடுப்பூசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரசு. அதற்காகப் பாலை ஒருநாள்கூடக் கீழே ஊற்ற வேண்டியதில்லை. ஊசி போட்ட பின் இலேசான காய்ச்சல் வரும், ஓரிரு நாள் பால் குறையும், பிறகு சரியாகிவிடும். ஒரு வாரமாகியும் ஏறவில்லை என்றால் மாட்டைக் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. மடி வீங்கும் மடியழற்சி நோய்க்குக் காம்பினுள் ஏற்றுகிறோமே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, அது பாலில் வரும். காய்ச்சினாலும் பெரும்பாலும் போகாது. மருந்து ஏற்றிய காம்பின் பாலை மட்டும் கீழே ஊற்றிவிட்டு மற்ற மூன்றையும் தயிருக்கு எடுப்பவர்கள் நம்மூரில் நிறையப் பேர். அது பிழை. மருந்து உறையில் எழுதிய நாள்கள் முடியும்வரை நான்கு காம்பின் பாலையும் விலக்க வேண்டும். உறைமோர் நன்றாக இருந்தும் தயிர் உறையாமல் நீர்த்து நின்றால் நான் முதலில் கேட்பது, "மாட்டுக்கு என்ன மருந்து போட்டீர்கள்?" என்பதுதான். தயிரை உறைய வைக்கும் நுண்ணுயிர்களையும் அந்த மருந்து கொன்றுவிடும்.

தடுப்பு மருந்தைத் தெரிந்தவர் கையில் வாங்கி நீங்களே போடவும் வேண்டாம். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ்தான் கால்நடை மருந்துகளுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைக்காத மருந்து வீண். ஐஸ் பெட்டியில் உறைந்துபோனாலும் கெட்டுவிடும்.

லேபிளில் தயிர் என்ற பெயர், நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், உங்கள் பெயர், முகவரி ஆகியவற்றைப் போடுங்கள். சேர்த்த பொருள்களையும் எழுதுங்கள். பால்மா கலந்தால் அதையும் மறைக்காதீர்கள். ஒட்டுமுன் ஒரு மாதிரியைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் காட்டிவிடுங்கள்.