போஸ்ட் ஏறத் தெரிந்தால் லைன்மேன் ஆகிவிடலாமா?

(33 வருடம் மின்கம்பிகளோடு வேலை பார்த்து, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: ஐயா, எனக்கு 19 வயது. ஊர் பள்ளத்தூர் பக்கம். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஒரு வருடமாக ஒரு காண்ட்ராக்டரிடம் குழி தோண்ட, கம்பம் நட, கம்பி இழுக்க என்று போய்க்கொண்டிருக்கிறேன். சில நாள் மேலேயும் ஏற்றிவிடுகிறார்கள். நாள் கூலிதான், எழுத்தில் எதுவும் கிடையாது. இந்த அனுபவத்தைக் காட்டி அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர்) சேர முடியுமா? தெரிந்த ஒருவர் இரண்டு லட்சம் கொடுத்தால் நேராக லைன்மேன் வேலையே வாங்கித் தருகிறேன் என்கிறார். அம்மாவின் நகையை அடகு வைக்கலாமா என்று அப்பா யோசிக்கிறார்.

பதில்: தம்பி, முதலில் அந்த நகை. அது வீட்டிலேயே இருக்கட்டும். மின்வாரியத்தில் யாரும் நேராக லைன்மேனாக நுழைவதில்லை. ஹெல்பர் என்று எங்கள் காலத்தில் சொன்ன கள உதவியாளராகச் சேர்ந்து, வயர்மேனாகி, அப்புறம்தான் லைன்மேன். நேரே லைன்மேன் என்று ஒருவர் சொல்கிறார் என்றால் அந்த ஒரு வார்த்தையிலேயே அவருக்கு இந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று புரிந்துகொள். 2025 செப்டம்பரில் 1,794 கள உதவியாளர் இடங்களுக்கு அறிவிப்பு வந்ததே, அது டிஎன்பிஎஸ்சி வழியாக, எழுத்துத் தேர்வு வைத்து. அதற்குக் கேட்ட தகுதி ஐடிஐ, அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து வாங்குகிற சான்றிதழ். இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு அவர் யாரிடம் போய் நிற்பார்?

ஐந்தாவது படித்திருந்தால் போதும், போஸ்ட் ஏறிக் காட்டினால் வேலை என்று ஒரு பேச்சு நம் பக்கத்தில் இன்னும் ஓடுகிறது. அது 2019-ல் கேங்மேன் பயிற்சியாளர் வேலைக்கு ஆள் எடுத்தபோது வந்தது. அப்போது உண்மையிலேயே ஐந்தாம் வகுப்பு போதும் என்றார்கள், கம்பத்தில் ஏறி கிராஸ் ஆர்ம் (கம்பிகளைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) மாட்டிக் காட்டச் சொன்னார்கள். அதே மாதிரி மறுபடி அழைப்பார்கள் என்று நம்பி வயதைக் கழித்துவிடாதே.

உன் ஒரு வருட அனுபவத்தை நான் குறைவாக நினைக்கவில்லை. நம் ஊர்ச் செம்புறாங்கல் பூமியில் கடப்பாரை போட்டு ஒன்பது மீட்டர் கம்பத்துக்கு ஒன்றரை மீட்டர் குழி எடுப்பது என்ன பாடு என்று எடுத்தவனுக்குத்தான் தெரியும், வண்டல் மண்ணில் வேலை பார்க்கிறவர்களுக்கு அது புரியவே புரியாது. ஆனால் அப்ரண்டிஸ் சேர அது கணக்கில் வராது. எழுத்தில் இல்லாத வேலை நடக்காத வேலை மாதிரிதான். மின் உரிமம் வழங்கும் வாரியம் நடத்துகிற மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வுக்கு அனுபவத்தை வைத்துப் போகலாம், ஆனால் அதற்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், ஒயரிங் வேலையில் ஐந்து வருடம் காட்ட வேண்டும். உனக்கு அது நீண்ட வழி.

உன் வயதுக்கு நேர் வழி ஐடிஐதான். எலக்ட்ரீஷியன் பிரிவு, இரண்டு வருடம், பத்தாவது பாஸ் போதும். லைன்மேன் என்ற பெயரில் தனியாகப் படிப்பு எங்கே இருக்கிறது என்று தேடி அலையாதே, எலக்ட்ரீஷியன் எடுத்தவனுக்கு வீடு, ஆலை, லைன் என்று எல்லாப் பக்கமும் கதவு திறந்திருக்கும். எட்டாவதோடு நின்ற நண்பர்கள் இருந்தால் வயர்மேன் பிரிவைச் சொல். காரைக்குடியிலேயே அரசு ஐடிஐ இருக்கிறது, பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் தருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்திருப்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் கேட்டுப் பார். பத்தாவது ரிசல்ட் வருகிற நேரத்திலேயே விண்ணப்பம் ஆரம்பித்துவிடும், எலக்ட்ரீஷியன் சீட்தான் முதலில் தீரும்.

அதை முடித்த பிறகு ஒரு வருடம் அப்ரண்டிஸ். அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் பெயரைப் பதிந்து வை, அரசு ஐடிஐகளில் நடக்கும் தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம்களுக்கும் தவறாமல் போ. வாரியத்தையே பார்த்துக்கொண்டு உட்காராமல் திருச்சி பெல் (பிஎச்இஎல்) தொழிற்சாலை, பொன்மலை ரயில்வே பணிமனை, நம் காரைக்குடி சிக்ரி ஆராய்ச்சி நிலையம் என்று எல்லா இடத்துக்கும் போடு. ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்சம் மாதம் 7,000 ரூபாய் என்று 2019-ல் விதி திருத்தினார்கள். ஒன்றை மட்டும் வீட்டில் இப்போதே சொல்லிவை, அப்ரண்டிஸ் முடித்தால் அங்கேயே வேலை கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கடைசியில் தேர்வு எழுதி வாங்குகிற சான்றிதழ்தான் கையில் நிற்கும், அது இந்தியா முழுக்கச் செல்லும்.

இன்னொன்று, இதை நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நாளையிலிருந்து மேலே ஏறாதே. குழி தோண்டு, கம்பி சுற்று, கீழே நின்று கயிறு இழு, தப்பில்லை. அப்ரண்டிஸ் ஒருவனுக்கு வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு கொடுப்பது முதலாளியின் பொறுப்பு என்று 1961-ஆம் வருடத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. எழுத்தில் பெயரே இல்லாத நீ கீழே விழுந்தால், நீ அங்கே வேலையே பார்க்கவில்லை என்று சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும்?

கேள்வி: என் பேரன் இந்த வேலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக இருக்கிறான். கரண்டை நிறுத்திவிட்டுத்தானே ஏறுகிறார்கள், அப்புறமும் எப்படி ஷாக் அடிக்கிறது? எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. (கண்டனூரிலிருந்து ஓர் அப்பத்தா)

பதில்: அப்பத்தா, உங்கள் பயம் நியாயமான பயம். நம் ஊர்க் கதையையே சொல்கிறேன். ஒரு முகூர்த்த நாள், எட்டுக்கட்டு வீடு ஒன்றில் கல்யாணம். பக்கத்துத் தெருவில் கம்பி அறுந்திருந்தது. ட்ரான்ஸ்பார்மரில் நிறுத்திவிட்டு என்னோடு வேலை பார்த்தவர் மேலே ஏறினார், அவசரம் என்று எர்த் ராடு (கம்பியில் வருகிற கரண்டை நிலத்துக்குள் இறக்கிவிடும் கம்பி) மாட்டவில்லை. கரண்ட் போனதும் கல்யாண வீட்டில் ஜெனரேட்டரைப் போட்டார்கள். வீட்டு லைனைப் பிரித்துவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் அங்கே இல்லை, வீட்டுக்குள் ஓட வேண்டிய கரண்ட் சர்வீஸ் ஒயர் வழியாகத் திரும்பி வந்து அவர் கையில் இருந்த கம்பியில் ஏறியது. பெல்ட் மாட்டியிருந்ததால் கீழே விழாமல் தொங்கினார், உயிர் பிழைத்தார், வலது கை போய்விட்டது. இப்படித் திரும்பி வருகிற கரண்ட் ட்ரான்ஸ்பார்மருக்குள்ளேயும் போனால் அந்தப் பக்கம் 11,000, 22,000 வோல்ட்டாக மாறி வெளியே வரும், அங்கே எவனாவது வேலை பார்த்துக்கொண்டிருந்தால் அவன் கதி என்ன?

அதனால் நிறுத்துவது பாதி வேலைதான். லைன் கிளியர், அதாவது கரண்டை நிறுத்தியாயிற்று, வேலை பார்க்கலாம் என்ற அனுமதி, எழுத்தில் வாங்க வேண்டும், கம்பத்தில் லைனைப் பிரித்துவிடும் ஏபி சுவிட்சைத் திறந்து பூட்ட வேண்டும், கம்பியில் கரண்ட் இல்லை என்று சோதித்துப் பார்க்க வேண்டும், வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு மாட்ட வேண்டும், அப்புறம்தான் கை. மாட்டினால் மட்டும் போதாது, அதன் கீழ்முனை நிலத்தில் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். நம் பக்கத்துச் செம்மண் கோடையில் காய்ந்து கிடக்கும்போது கரண்டை லேசில் உள்ளே வாங்காது, குழியில் தண்ணீர் ஊற்றித்தான் இறக்குவோம். முறையாக அப்ரண்டிஸ் படிக்கிறவனுக்கு இதையெல்லாம் பழக ஒரு வருடம் கிடைக்கிறது. பேரன் வேலைக்குப் போன பிறகு தினமும் சாயங்காலம் இன்றைக்கு எர்த் ராடு மாட்டினாயா என்று கேளுங்கள். அப்புறம் பக்கத்து வீடுகளில் ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களிடமும் சேஞ்ச் ஓவர் இருக்கிறதா என்று விசாரியுங்கள், நீங்கள் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

கேள்வி: தேவகோட்டையில் பி.எஸ்சி. முடித்திருக்கிறேன், வயது 24. பெண்கள் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேரலாமா, வயது கடந்துவிட்டதா?

பதில்: தாராளமாகச் சேரலாம் அம்மா. தமிழ்நாட்டு ஐடிஐகளில் ஆண்களுக்கே 40 வயது வரை இடம் உண்டு, பெண்களுக்கு மேல் வயது வரம்பே கிடையாது. நான் இருந்த காலத்தில் என் பக்கத்தில் ஒரு பெண்ணும் கம்பம் ஏறிப் பார்த்ததில்லை, சப்ஸ்டேஷனில் ஷிப்ட் பார்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே பார்த்தார்கள். பட்டம் இருக்கிறதே, ஐடிஐ எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். கள உதவியாளர் தேர்வுக்கு அந்தப் பட்டம் உதவாது, ஐடிஐ சான்றிதழ்தான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பத்தாவது மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள், விண்ணப்பம் ஆரம்பித்த முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.